பச்சைத் தண்ணீரில் இறங்கும் காப்பி

போன கத்திரி வெயிலில் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள், ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு கண்ணாடி ஜாடியில் காப்பிப் பொடியைக் கொட்டி, பானைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தாள். வெந்நீரும் இல்லை, ஃபில்டரும் இல்லை. விடிந்ததும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஐஸ் கட்டி போட்டு என் அம்மாவிடம் நீட்டினாள்.

"கோல்டு ப்ரூ, ஆயா. அமெரிக்காக்காரங்க கண்டுபிடிச்சது."

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஊறல் தண்ணிதானே இது? தனியாவுல போடுவோமே" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் என்னைத் தேட வைத்தது.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், நெசவுத் தெருவில் வளர்ந்த எனக்குக் காப்பி என்றால் சூடுதான். பாவுக்குக் கஞ்சி போடும் நாளில் இருட்டோடு எழுந்து, தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். நடுவில் தூக்குவாளியில் காப்பி வரும். கஞ்சிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, டம்ளரைத் துண்டால் பிடித்துக் குடிப்பார்கள். ஆறிப்போன காப்பியை யாரும் தொடமாட்டார்கள்.

முதலில் மகள் சொன்ன அமெரிக்காவிலிருந்தே தொடங்கினேன். ஹூஸ்டன் நகரில் செடி நாற்றுப் பண்ணை வைத்திருந்த டாட் சிம்ப்சன் 1964இல் ஒரு கருவி செய்தார். அடியில் தடித்த வடிகட்டி பொருத்திய வாளி, அவ்வளவுதான். பொடியை அதில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் அடைப்பானைப் பிடுங்கினால் கெட்டிச் சாறு இறங்கும். 'டாடி' என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. ஆனால் அவருக்கு முன்பே ஜப்பானின் கியோட்டோவில், ஆள் உயரக் கண்ணாடிக் கூண்டுகளில் குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாகப் பொடிமேல் விட்டுக் காப்பி இறக்கியிருக்கிறார்கள். அதற்கு அங்கே பெயர் 'டச்சுக் காப்பி'. டச்சுக்காரர்களிடமிருந்து வந்த வழக்கம் என்று ஒரு கதை.

டச்சு என்றதும் எனக்குச் சதுரங்கப்பட்டினம் நினைவுக்கு வந்தது. கல்பாக்கத்தை ஒட்டி, கடலைப் பார்த்து நிற்கும் அவர்கள் கோட்டைக்குப் போனேன். செங்கல் மதில், கிடங்குகள், பூவேலை செதுக்கிய கல்லறைகள். ஒரு மதியம் முழுக்க அங்கே சுற்றினேன். அந்தக் கரையிலிருந்து கப்பலேறியது நம் பக்கத்துத் துணி. காப்பியின் சுவடு எதுவும் அங்கே இல்லை. காப்பிச் செடி போனது மலபார்க் கரையிலிருந்து. 1696இல் அங்கிருந்துதான் டச்சுக்காரர்கள் நாற்றுகளை ஜாவாவுக்கு அனுப்பினார்கள். அவை வெள்ளத்தில் அழிய, 1699இல் மறுபடியும் அனுப்பினார்கள். ஜாவாக் காப்பி என்று உலகம் கொண்டாடியதற்கு வேர் நம் மேற்குக் கரையில் இருக்கிறது. அதற்காகக் குளிர்ந்த காப்பியும் இங்கிருந்து போனது என்று சொல்லிவிட முடியாது.

ஏனென்றால் நம் வீடுகளுக்கே காப்பி பிந்தி வந்ததுதான். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரை அதை விரிவாகச் சொல்கிறது. காலையில் நீராகாரம் இருந்த இடத்தில் காப்பி வந்து உட்கார்ந்ததும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்குள் நடந்தவை. அந்த நீராகாரமும் இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறியதுதான்!

அம்மா சொன்ன தனியாவுக்குத் திரும்பினேன். நாம் 'டிக்காஷன்' என்கிறோமே, அது மருந்துக் கடைச் சொல். காய்ச்சி எடுப்பது, அதாவது கஷாயம், என்று பொருள். ஆயுர்வேதத்தில் கஷாய வகை ஐந்து: பிழிந்த சாறு, அரைத்த விழுது, காய்ச்சிய குடிநீர், வெந்நீர் ஊற்றி வடித்தது, குளிர்ந்த நீரில் ஊறவைத்தது. கடைசி வகைக்கு 'ஹிமம்' என்று பெயர். சார்ங்கதர சம்ஹிதை அதற்கு அளவும் சொல்கிறது. ஒரு பங்கு சரக்கை இடித்து, ஆறு பங்கு நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, விடிந்ததும் வடிகட்ட வேண்டும். தனியாவில் செய்த ஹிமத்தைச் சர்க்கரை சேர்த்து உடல் எரிச்சலுக்கும் தாகத்துக்கும் கொடுப்பார்கள். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இன்றைய கோல்டு ப்ரூ குறிப்புகளில் கெட்டிச் சாறுக்கு ஒன்றுக்கு ஐந்து, அப்படியே குடிக்க ஒன்றுக்கு எட்டு என்று எழுதியிருக்கிறது. ஆறு அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஊறலில் என்ன நடக்கிறது என்பதை, சாயப் பட்டறை வைத்திருந்த என் பெரியப்பாதான் விளங்க வைத்தார். ஒரு கிலோ கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்தால் கால் கிலோ வரை பசையாகக் கரைந்து போய்விடும். பச்சைத் தண்ணீரில் எத்தனை நாள் போட்டாலும் அது போகாது. "கொதிக்கிற தண்ணி எல்லாத்தையும் ஒரே இழுப்பா இழுத்துடும்டா. பச்சைத் தண்ணி பொறுமையா, வருவதை மட்டும் வாங்கிக்கும்" என்றார். காப்பியிலும் அதேதான். சூட்டுக்கு மட்டும் அசைந்து கொடுக்கும் சில கசப்புகளும் புளிப்புகளும் பொடியிலேயே தங்கிவிடுகின்றன. ஆனால் புளிப்பே இல்லாதது, வயிற்றுக்கு நல்லது என்ற விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். பிலடெல்பியாவைச் சேர்ந்த நினி ராவ், மேகன் ஃபுல்லர் என்ற இரு வேதியியலாளர்கள் 2018இல் அளந்து பார்த்தபோது, சூடானதற்கும் குளிர்ந்ததற்கும் பிஎச் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே, 4.85க்கும் 5.13க்கும் நடுவில் இருந்தது. மொத்த அமிலம்தான் சூடான காப்பியில் கூடுதல். காஃபீன் ஏறத்தாழ 400 நிமிடத்தில் இறங்கி முடிந்துவிடுகிறது என்பதும் அவர்கள் ஆய்வில் தெரிந்ததே. ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு ராத்திரித் தூக்கம் போதும்.

இவ்வளவு அலைந்தபின் என் முடிவு இது. காப்பியை ஊறவைத்துக் குடித்த பாட்டி காஞ்சியில் யாரும் இல்லை. இருந்ததாகக் கதை கட்டுவது அந்தப் பாட்டிகளுக்கே மரியாதை அல்ல. ஆனால் ஊறவைத்து வடிகட்டும் கை அவர்களுடையது. இந்தப் பானத்துக்கு நல்ல தமிழ்ப் பெயரும் அம்மா வாயிலிருந்தே வந்துவிட்டது: ஊறல் காப்பி.

எங்கள் வீட்டில் இப்போது 100 கிராம் பொடிக்கு 600 மில்லி தண்ணீர். முதல் தடவை ஜாடியை அடுப்பங்கரை மேடையிலேயே விட்டுவிட்டேன். காஞ்சி மே மாதப் புழுக்கத்தில் காலைக்குள் ஒரு மாதிரி வாடை வந்து, கொட்ட வேண்டியதாயிற்று. இப்போது ஃபிரிட்ஜில் பன்னிரண்டு மணி நேரம். முதலில் துணியில், பிறகு பித்தளை ஃபில்டரின் மேல் தட்டில் மறுபடி ஒருமுறை வடிகட்டினால் கசடு அடியில் நிற்காது. அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு அம்மா பனங்கற்கண்டு போட்டுக் குடிக்கிறாள்.

நீங்கள் செய்வதானால் பொடியில்தான் கவனம் வேண்டும். கலப்புப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதே சட்டம்; அதாவது மீதி முழுக்கச் சிக்கரியாக இருக்கலாம். கடையில் சிக்கரி சேர்க்காமல், ரவை பதத்துக்குக் கொரகொரவென்று அரைத்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.