ஓட்டைக்குள் இருந்தது யார் பிள்ளை?

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் செம்மண் பொட்டலில் இரண்டு வகைக் குழிகள் உண்டு. புழுதியில் கூம்பாகச் சரிந்திருப்பது குழியானையுடையது. இன்னொன்று, பென்சில் நுழையும் அகலத்தில் நேர்க்குத்தாக இறங்கும் ஓட்டை. அதில் புல்தண்டை விட்டுக் காத்திருப்போம். தண்டு ஆடும். வெடுக்கென்று இழுத்தால், தாடையால் தண்டைக் கவ்வியபடி ஒரு கூன்முதுகுப் புழு வெளியே வந்து விழும்.

“அதுவும் குழியானைதான். பெருத்துப்போனா இப்படி ஆயிரும்” என்பாள் அப்பத்தா. நாங்கள் மறுத்தால், “ரெண்டும் குழியில குந்திக்கிட்டு வர்றதப் புடிச்சுத் திங்குது. பொறவு என்ன வித்தியாசம்?” என்று கேட்பாள். கடைசிவரை அவள் அதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

குழியானை வளர்ந்தால் தட்டான் போல இறக்கை முளைத்துப் பறக்கும்; அது வண்டே அல்ல. ஓட்டைப் புழு புலிவண்டின் பிள்ளை. இதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதுமாக இருந்தது. என்னைப் பல மாதம் பிடித்துவைத்தது அடுத்த கேள்வி: புலிவண்டு தரைவண்டுகளின் கூட்டத்தில் ஒன்றா, தனிக் குடும்பமா? பிரிட்டிஷ் இந்திய விலங்கு வரிசைக்காக 1912இல் ஃபௌலர் எழுதிய தொகுதி அதைத் தனிக் குடும்பமாக வைத்தது. பின்னால் வந்த பலர் தரைவண்டுக்குள் ஒரு துணைக் குடும்பமாக அடக்கினார்கள். வளர்ந்த வண்டை வைத்து இவ்வளவு வாதாடினால், புழுவிடமே கேட்டுவிடலாம் என்று லென்ஸை எடுத்தேன்.

தரைவண்டுப் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் ஒன்பதாம் கண்டத்தில் இரண்டு வால்கொம்புகள் நீண்டிருக்கும். புலிவண்டுப் புழுவில் அவை இல்லை. முதுகுக் கூனில் கொக்கிகள் இருக்கின்றன. வால்கொம்புதான் இடம் மாறிக் கொக்கியாகிவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவ்வளவு அழகான விடை. பிறகு கண்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். கூன் ஐந்தாவதில். ஒன்பதாவது கடைசியில் தன் இடத்திலேயே, கொம்பில்லாமல் இருந்தது. வேறொரு நாள் இன்னொரு புழுவில் எண்ணினேன். மறுபடியும் ஐந்துதான். நாலு கண்டம் தாண்டிக் குதிக்கிற உறுப்பு எதுவும் கிடையாது.

கொக்கி ஓட்டையின் சுவரைப் பற்றிக்கொள்வதற்கு. பிடிபட்ட இரை திமிறினாலும் புழு வெளியே வந்துவிடாது. வேலைக்காக வந்த உறுப்பு அது. அதில் நான் வம்சத்தைத் தேடியிருக்கிறேன். அப்பத்தாவும் இதையேதான் செய்தாள்: குழியையும் தாடையையும் பார்த்து உறவு சொன்னாள். அன்று அவள்மேல் இருந்த என் எரிச்சல் தீர்ந்தது.

அதற்குப் பிறகுதான் காலைப் பார்த்தேன். ஆறு துண்டுகள், நுனியில் இரண்டு நகங்கள். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுவுக்கு ஐந்து துண்டும் ஒற்றை நகமும்தான். ஆறு துண்டுக் கால் தரைவண்டுகளுக்கும், குளத்தில் மூழ்கி வேட்டையாடும் நீர்வண்டுகளுக்கும் உரிய பழைய சொத்து. மேலுதடு தலையோடு ஒட்டிப்போயிருப்பதும் அப்படித்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தனி அடுப்பா, கூட்டுக் குடும்பமா என்பதைக் கால் சொல்லாது. மரபணுக்களை ஒப்பிட்ட பிறகு டுரானும் கஃபும் 2020இல் புலிவண்டைத் தரைவண்டுக்கு அடுத்த தனிக் குடும்பமாக மீண்டும் நிறுத்தினார்கள்.

புல்தண்டு விட்டுப் பார்ப்பவர்கள் புழுவை அதே ஓட்டையருகே விட்டுவிடுங்கள். மூன்று பருவத்தையும் பெரும்பாலும் அந்த ஒரே ஓட்டையை அகலப்படுத்தித்தான் அது கழிக்கிறது.