மகள் கட்டிய கிடங்கு

கல்விக்காகச் செலவிடும் காசு ஒருநாளும் வீண்போகாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நானும் பல ஆண்டுகளாக அதைச் சொல்லி வந்தவன்தான். சென்ற ஆண்டு ஐயாயிரம் ரூபாயை இழந்த பிறகே, அந்தச் சொல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதை உணர்ந்தேன்.

என் மூத்த மகள் கணிதத்தில் பட்டம் பெற்றவள். தேர்வு முடிவு வந்த மறுவாரம், "வாப்பா, கிளவுட் டேட்டா வேர்ஹவுஸ் கட்டுவதற்குப் படிக்க ஆசைப்படுகிறேன்" என்றாள். வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. கிளவுட் என்றால் மேகம். வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்ற எனக்கு, மேகத்தில் கிடங்கு கட்டும் வித்தை விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள முயலாமல், பணத்துக்கு வழி தேடப் புறப்பட்டேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

நகரில் ஒரு பயிற்சி நிலையம். 'வேலை உறுதி' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். கட்டணம் 85,000 ரூபாய். வீட்டில் வந்து சொன்னபோது, என் மனைவி ஒரு சொல்லும் பேசாமல் தம் கைவளையல்கள் இரண்டையும் கழற்றி என்முன் வைத்தார். மறுநாளே சென்று ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு, மீதியுடன் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லித் திரும்பினேன்.

அன்றிரவு மகள் கேட்டாள்: "என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்டீர்களா வாப்பா?"

நான் கேட்கவில்லை.

மறுநாள் இருவருமாகச் சென்றோம். "பயிற்சி முடியும்போது நான் என்ன கட்டி முடித்திருப்பேன்?" என்று அவள் வினவினாள். மாதிரிச் சான்றிதழைக் காட்டினார்கள். "நடத்துபவர் யார்?" என்றாள். முன்பே பதிவு செய்த காணொளிகள் என்றார்கள். வேலை உறுதியை எழுத்தில் தருவீர்களா என்று நான் கேட்டேன்; புன்னகைத்தார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். ஓர் எழுத்தும் பிசகாமல் பார்த்து ஓத வேண்டுமென்று பிள்ளைகளைக் கண்டிக்கும் நான், ஒரு ரசீதை முழுதாகப் படிக்காமல் பணம் கட்டியிருந்தேன்!

வீடு திரும்பியதும் மகளை அமரவைத்து, "முதலில் எனக்கு ஓதிக்கொடு" என்றேன். அவள் தன் மாமாவின் ஜவுளிக்கடையை வைத்தே விளக்கினாள்.

கடையின் கணினி ரசீது போடுவதற்காக அமைந்தது. கூட்டம் நெருக்கும் வேளையில் அதனிடமே, "ஐந்தாண்டுகளில் எந்த ஊர்க் கிளையில் எந்தத் துணி அதிகம் விற்றது?" என்று கேட்டால் அது திணறும். ஆகவே கணக்குகளைப் பிரதியெடுத்து, பிழை களைந்து, கேள்விகளுக்கு ஏற்றவாறு அடுக்கி வேறோர் இடத்தில் வைக்கின்றார்கள். அதுவே தரவுக் கிடங்கு. பில் இன்மன் என்பார் 1992-ஆம் ஆண்டிலும், ரால்ஃப் கிம்பால் என்பார் 1996-ஆம் ஆண்டிலும் இத்துறைக்கு அடிப்படையான நூல்களை வெளியிட்டனர். கிம்பால் காட்டிய முறையில் விற்பனை நடுவில் நிற்கும்; எந்த நாள், எந்தக் கிளை, எந்தச் சரக்கு என்னும் விவரங்கள் நட்சத்திரத்தின் முனைகளைப் போல அதனைச் சூழ்ந்து நிற்கும்.

முன்னாளில் இதற்கு விலையுயர்ந்த இயந்திரங்களை வாங்க வேண்டியிருந்தது. கூகுளின் பிக்குவெரி 2011-இலும், அமேசானின் ரெட்ஷிஃப்ட் 2013-இலும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், இணையத்தின் வழியே வாடகைக்கு எடுக்கும் நிலை பிறந்தது. மேகம் என்பது இதுதான். இக்கிடங்குகளில் கணக்கு வரிவரியாக அன்றிப் பத்திபத்தியாக வைக்கப்படுகின்றது. தொகையை மட்டும் கூட்ட வேண்டுமெனில் தொகைப் பத்தியை மட்டும் படித்தால் போதும்; அதனால்தான் விரைவு.

விளங்கியது. ஆயினும் ஒரு தயக்கம் எஞ்சியிருந்தது. உஸ்தாதின் முகம் பாராமல் கற்பது கல்வியாகுமா? இதைச் சொன்னபோது அவள், "ஆசிரியர்கள் இருக்கிறார்கள் வாப்பா, தேடத்தான் வேண்டும்" என்றாள்.

தேடினோம். ஐ.ஐ.டி. நிறுவனங்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-ஆம் ஆண்டு முதல் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும், 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய ஸ்வயம் தளமும் கண்ணில் பட்டன. பாடத்துக்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். தரவுத்தளங்களின் அடிப்படையையும், அவற்றிடம் கேள்வி கேட்கும் மொழியாகிய எஸ்.க்யூ.எல்.-ஐயும் அவள் முதலில் கற்றாள். கிடங்கை வாடகைக்கு விடும் நிறுவனங்களே இலவசப் பாடங்கள் தருகின்றன. மைக்ரோசாஃப்ட் லேர்ன், அமேசானின் ஸ்கில் பில்டர் ஆகியன அவ்வகையைச் சேர்ந்தவை. பிக்குவெரியில் கடன் அட்டை கொடுக்காமலேயே பழகலாம். 10 ஜிகாபைட் இடமும், மாதம் 1 டெராபைட் அளவுக்குக் கேள்விகளும் இலவசம். அட்டையில்லாத அந்த ஏற்பாட்டில் அட்டவணைகள் 60 நாட்களில் தாமே நீங்கிவிடும் என்பது விதி. இதை அறிந்த மகள், கிடங்கு கட்டும் கட்டளைகள் அனைத்தையும் தனியே எழுதிச் சேமித்தாள். "அட்டவணை போனால் மீண்டும் கட்டிவிடுவேன், கட்டத் தெரிந்ததுதானே படிப்பு" என்றாள்.

மைத்துனர் தம் கடையின் ஐந்தாண்டு ரசீதுக் கணக்கைத் தந்தார். வாடிக்கையாளர் பெயர்களையும் கைப்பேசி எண்களையும் நீக்கிய பிறகே ஏற்ற வேண்டும் என்றேன். பிறர் விவரம் நம்மிடம் அமானிதமல்லவா? அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நோன்பில் எத்தனையாம் நாளிலிருந்து பிள்ளைகளின் துணி விற்பனை கூடுகிறது? தெரிந்தால் சரக்கை முன்கூட்டியே இறக்கலாம்."

அவள் கற்ற பாடங்களில் இதற்கு விடை இல்லை. நம் பகுதியில் நோன்புப் பெருநாள் 2021-இல் மே 14 அன்றும், 2023-இல் ஏப்ரல் 22 அன்றும், 2025-இல் மார்ச் 31 அன்றும் வந்தது. ஆங்கில மாதத்தை வைத்துக் கூட்டினால் பெருநாள் விற்பனை மூன்று மாதங்களில் சிதறிக் கிடந்தது. நாள்காட்டி அட்டவணையில் ஹிஜ்ரி தேதிக்கும் ஒரு பத்தி வேண்டும் என்று கண்டுகொண்டாள். கணிப்பு நாள்காட்டியோ நம்மூர்ப் பிறையோடு சில ஆண்டுகளில் ஒருநாள் முரண்படும்.

"வாப்பா, எந்த நாளில் பிறை ஒன்று என்று எங்காவது எழுதியிருக்கிறதா?"

இருந்தது. மதரஸாவின் வருகைப் பதிவேட்டில் ஆண்டுதோறும் ரமலான் விடுமுறையை என் கையாலேயே குறித்து வந்திருக்கின்றேன். அன்றிரவு நான் படிக்கப் படிக்க அவள் பதிந்தாள். கணினியை அறியாத நான், அந்தக் கிடங்குக்கு என் பங்காக ஒரு பத்தி சேர்த்தேன். இறுதிப் பத்து நாட்களில்தான் விற்பனை கூடும் என்று மைத்துனர் நம்பியிருந்தார். பிள்ளைகளின் துணிக்கு அது பிறை பன்னிரண்டிலேயே ஏறத் தொடங்குவதாகக் கணக்கு சொன்னது.

பெற்றோர்க்கு என் அனுபவம் இதுதான். பயிற்சியில் சேர்க்குமுன் மூன்றைக் கேளுங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்குமா, தன் கையால் கட்டுமா? பழகும்போது வாடகைக் கட்டணம் ஏறினால் அதைச் செலுத்துவது யார்? அளிக்கும் உறுதி எழுத்தில் உண்டா? இவற்றுக்கு நேரான விடை தருமிடத்தில் காசைக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை எதைக் கற்கப்போகிறது என்பதைப் பிள்ளையிடமே கேட்டு அறியுங்கள். என் ஐயாயிரம் ரூபாய் வீண்போனது, கல்வி எதுவென்று அறியாமல் செலவிட்டதால்தான்.

மகளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. விண்ணப்பித்துக்கொண்டிருக்கின்றாள். நேர்காணலில் காட்டுவதற்குத் தானே கட்டிய கிடங்கொன்று அவளிடம் உண்டு. என் மனைவியின் வளையல்களும் அவர் கைகளிலேயே இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.