கழுதைச் சாம்பல்

மருமகன் ஸ்காபரோவில் இருந்து ஒரு கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பெருவிரல் உயரம்கூட இல்லாத போர்வீரர்களுக்கு வர்ணம் பூசுவது அவனுடைய பொழுதுபோக்கு. பூசி முடித்து மேசையில் அணிவகுத்து, அடிமட்டமும் தாயக்கட்டையும் வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். எச். ஜி. வெல்ஸ் 1913இலேயே இப்படியொரு விளையாட்டுக்கு விதி எழுதி 'லிட்டில் வோர்ஸ்' என்று புத்தகம் போட்டிருக்கிறார். ஆகவே பிள்ளை விளையாட்டு என்று நான் சிரிக்க வழியில்லை. 1560இல் மன்னார்க் கோட்டை கட்டிய பறங்கியரையும் 1658இல் அதைப் பறித்த ஒல்லாந்தரையும் பூசேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவனுக்குப் பச்சைத் தோல் பூதங்கள்தான் வேண்டுமாம்.

பக்கத்தில் இருந்தது கணக்கு. தோலுக்கு அடிநிறம் இது, பள்ளத்துக்கு இது, மேட்டுக்கு இது, இத்தனை துளிக்கு இத்தனை துளி தண்ணீர். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்தக் கலவையில் ஒரு பொட்டு. ஈரத்தில் தாள் சுருங்கியிருந்தது.

"எழுதி வைக்காட்டி அடுத்த முறை அதே நிறம் வராது மாமா" என்றான்.

எழுதி வைத்தாலும் வராது என்பதற்கு அவனே பிறகு ஒரு கதை சொன்னான். 2012இல் சிற்றடெல் நிறுவனம் தன் வர்ண வரிசையை முழுக்க மாற்றி, போத்தல்களுக்குப் புதுப் பெயர் வைத்தது. 'டெவ்லன் மட்' என்று ஒரு பழுப்புக் கரைசல் அதோடு நின்றுபோனது. பொம்மையில் தடவினால் தானே மடிப்புகளுக்குள் இறங்கி நிழலாய்ப் படியுமாம். அதை நம்பிக் கொப்பி நிரப்பியவர்கள் இன்னும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள்.

கம்பனி போத்தல் இல்லாத காலத்தவர் சென்னினோ சென்னினி. 1400ஆம் ஆண்டை ஒட்டி ஓவியர்களுக்குக் கைநூல் எழுதிய இத்தாலியர். பன்னிரண்டு ஆண்டு அஞ்ஞோலோ காத்தியிடம் தொழில் பழகியவர். அந்தக் காத்தியின் தகப்பன் ஜொத்தோவிடம் இருபத்துநான்கு ஆண்டு இருந்தவர். இந்த வம்சாவளியைச் சென்னினியே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். முகம் தீட்ட முதலில் பச்சைமண் பூசு, அதன்மேல்தான் தோல்நிறம் என்கிறார். பூதங்களோடு மல்லுக்கட்டும் மருமகனுக்கு இது பிடித்துப்போனது. செத்தவன் முகத்துக்குக் கன்னச் சிவப்பு வைக்காதே என்கிறார். எனக்குப் பிடித்தது முட்டை விஷயம். அந்தக் காலத்தில் வர்ணத்தைக் குழைப்பது மஞ்சள் கருவில். இளம் முகம் தீட்டுவதென்றால் பட்டணத்துக் கோழியின் முட்டை எடு, அதன் கரு வெளிறியிருக்கும். கிழவர்களுக்கும் கறுத்த மேனியருக்கும் நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு. அறுநூறு வருசத்துக்கு முன் ஒரு மனிதன் இரண்டு முட்டைகளை உடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது கன்னிக்கு, இது கிழவனுக்கு என்று பிரித்திருக்கிறான்! எங்கள் ஊர்க்கோழி முட்டையையும் கடை முட்டையையும் ஒரே தாச்சியில் பொரித்துப் பார்த்தவர்களுக்கு அவர் சொல்வது உடனே விளங்கும். தேவாலயத்தில் நிற்கும் அர்ச்சியசிட்டவரின் கிழட்டு நிறத்துக்கு ஏதோ ஒரு கோழி தின்ற தீனும் காரணம்.

நத்தாருக்கு முன் பாலன் குடில் சுரூபங்களுக்குப் பூச்சுப் புதுப்பிப்பது என் வேலை. இராசாக்கள் மூவருக்கும் இடையர்களுக்கும் நிறம் தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. தகராறு கழுதையோடுதான். அச்சில் வார்த்து வருகிற கழுதை எப்போதும் ஒரே சாம்பல், கறுப்பையும் வெள்ளையையும் கலந்த சாம்பல். அந்தக் கலவையில் ஒரு நீலம் ஓடும். நீலக் கழுதையை மன்னாரில் யார் பார்த்தது? வெளியே எட்டிப் பார்த்தால் நிசக் கழுதை நிற்கிற ஊர் இது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தவை என்பார்கள். பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கும் அதே கதைதான். மரத்தைப் பார்க்கச் சுற்றுலாக்காரர் வருகிறார்கள். கழுதை குப்பைத் தொட்டியைக் கிளறித் தின்கிறது.

நம் கழுதையின் சாம்பலில் காவி உண்டு. மூக்கு நுனி, கண்ணைச் சுற்றி, வயிறு எல்லாம் வெளிறல். முதுகு நெடுகக் கருங்கோடு, தோளில் அதை வெட்டிக் குறுக்குக் கோடு. சேர்ந்தால் சிலுவை. குருத்தோலை ஞாயிறன்று இயேசுவைச் சுமந்ததற்குக் கிடைத்த அடையாளம் என்பது பழைய நம்பிக்கை. அப்படியானால் பெத்லகேம் கழுதைக்கு அது இருக்கக் கூடாதே, அவர் அப்போதுதானே பிறக்கிறார் என்று மருமகன் மடக்கினான். நல்ல கேள்விதான். ஆனால் சுவிசேஷத்தில் தொழுவக் கழுதையே கிடையாது. எசாயா முதல் அதிகாரத்தில் ஒரு மாடும் கழுதையும் உண்டு, அங்கிருந்து அவை குடிலுக்கு நடந்து வந்தன. 1223இல் கிரேச்சோவில் குடில் அமைத்த அசிசி பிரான்சிஸ் இரண்டையும் உயிரோடே கொண்டுவந்து நிறுத்தினார். உயிரோடு நின்ற கழுதையின் முதுகிலும் பெரும்பாலும் கோடு இருந்திருக்கும். ஆகவே நான் போடுகிறேன்.

கலவை இது: வெள்ளை மூன்று பங்கு, கறுப்பு ஒன்று, காவி அரை. அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருளும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கோட்டுக்குக் கறுப்பை அப்படியே போடாமல் காவி சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்தச் சாம்பலும் தார் வீதியின் சாம்பலும் பொழுதுபட்டால் ஒன்றுதான். தலைமன்னார் வீதியில் இரவில் வருகிறவர்கள் மெதுவாக ஓட்டுங்கள்.