அருமை பாராட்டுதல்

ஒன்றை அருமையாகக் கருதுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் வரிசையாக நிற்கின்றன. வேல்யூ, எஸ்டீம், பிரைஸ், அப்ரிஷியேட், டிரெஷர், செரிஷ், அடோர். அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்குப் பொருள் இன்னொன்று என்று சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால் அம்மொழியில் புழங்குகிறவர்கள் இவற்றை இடம் மாற்றிப் போடுவதில்லை. நண்பரின் ஆலோசனையை வேல்யூ செய்யலாம். அடோர் செய்தால் கேட்பவர் சிரிப்பார். பேரக்குழந்தையை அடோர் செய்யலாம். எஸ்டீம் செய்தால் குழந்தைக்கு ஏதோ பதவி கிடைத்துவிட்டது போலிருக்கும். மொழிபெயர்ப்பில் கைவைத்த நாமோ பெரும்பாலும் 'போற்று' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏழையும் தாண்டிப் போய்விடுகிறோம்.

இச்சொற்களின் வேரைத் தேடிப் போனால் பாதிக்கு மேல் சந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. விலையைக் குறிக்கும் பிரைஸும், உயர்வாக மதிப்பதைக் குறிக்கும் பிரைஸும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. பிறப்பிலும் அவை உறவுதான். லத்தீனில் விலையைக் குறித்த 'பிரெட்டியம்' என்ற சொல் இரண்டுக்கும் மூலம். புகழ்ச்சியைச் சொல்லும் பிரெய்ஸும் அதே குடும்பம். அப்ரிஷியேட் என்பது முதலில் ஒன்றுக்கு விலை வைப்பதே. டிரெஷர் கிரேக்கத்தில் கருவூலத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது; 1852-இல் ரோஜெட் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தின் பெயரான தெசாரஸும் அதன் உடன்பிறப்பு. செரிஷின் மூலமான 'காருஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அன்புக்குரியது, விலை கூடியது என இரண்டு பொருளும் உண்டு. கடிதத் தலைப்பில் நாம் எழுதும் டியரும் அப்படியே. அன்பையும் விலையையும் ஒரே சொல்லால் குறிக்க அவர்களுக்குக் கூச்சமில்லை.

தமிழ் சற்று வேறு வழியில் போகிறது. நம்முடைய 'அருமை' கிடைத்தற்கரிய தன்மையிலிருந்து வருகிறது. 'என் அருமை மகளே' என்று எழுதும்போது, நீ எளிதில் வாய்க்காதவள் என்றே சொல்கிறோம். விலை அதில் இல்லை. 'மதிப்பு' மட்டும் அளவையும் மரியாதையையும் ஒருசேரச் சுமந்து எஸ்டீமுக்கு இணையாக நிற்கிறது. 'போற்று' புகழவும் செய்யும், பாதுகாக்கவும் செய்யும். 'ஓம்பு' முழுக்க முழுக்கச் செயல். குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். விருந்தினரை நெஞ்சில் மட்டும் நினைத்துக்கொண்டிருப்பதை யாரும் அப்பெயரால் அழைக்க மாட்டார்கள். பதினொன்றாம் அதிகாரமான செய்ந்நன்றி அறிதலில் உள்ள 'அறிதல்' அப்ரிஷியேட்டின் சிறந்த பொருளுக்கு மிக அருகில் வருகிறது.

'பாராட்டு' இன்னும் விந்தையானது. குழந்தையைச் சீராட்டிப் பாராட்டி வளர்க்கிறோம், உறவு பாராட்டுகிறோம், பகையும் பாராட்டுகிறோம். செரிஷும் இப்படித்தான். நம்பிக்கையை வளர்த்துவைத்திருப்பதற்கு அச்சொல்லை ஆளும் ஆங்கிலேயர், மனக்கசப்பை விடாமல் வைத்திருப்பதற்கும் அதை ஆள்வதுண்டு. எதையாயினும் விடாமல் மடியில் வைத்து வளர்ப்பது என்பதே இரண்டு சொற்களுக்கும் பொதுவான அடிப்பொருள் என்று தோன்றுகிறது.

இதெல்லாம் ஏட்டுச் சமாசாரம் என்று இருந்தவனுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் சேலையூரில் எங்கள் தெருவில் இருந்த ஒரு மூதாட்டி இதன் கனத்தைக் காட்டினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தெருவே அவரை ஆச்சி என்றுதான் அழைக்கும். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து குடியேறியவை. ஆச்சி வீட்டில் கிணறும் முருங்கையும் இரண்டு தென்னையும் உண்டு. கணவர் காலமான பிறகு தனியாகவே இருந்தார்.

அந்த மனையின் மேல் கட்டுமானக்காரர்களின் கண் விழுந்திருந்தது. தரகர் ஒருவர் வாரம் தவறாமல் வந்து, "பிராப்பர்ட்டி நல்லா அப்ரிஷியேட் ஆயிருக்கும்மா" என்பார். மேலே சொன்ன லத்தீன் வேருக்கு அவர் அளவுக்கு விசுவாசமாக இருந்தவரை நான் கண்டதில்லை. மகன் விற்றுவிடலாம் என்றார். அமெரிக்காவில் வளர்ந்த பேத்தி ஆங்கிலத்தில் நீண்ட மின்னஞ்சல் ஒன்று எழுதியிருந்தாள். மகன் அதை அச்செடுத்து அனுப்ப, ஆச்சி அதை என்னிடம் கொண்டுவந்தார்.

நல்ல கடிதம். கோடை விடுமுறைகள், கிணற்றடிக் குளியல், தாத்தா ரயில் காட்டக் கூட்டிப் போனது என எல்லாம் இருந்தது. அப்பா சொல்வதுபோல் வீட்டை விற்பதே பாட்டியின் உடம்புக்கு நல்லது என்றும், அந்த வீட்டைத் தாங்கள் எப்போதும் 'செரிஷ்' செய்வோம் என்றும் முடித்திருந்தாள். வாசித்துப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றேன். பாதுகாப்போம் என்றால் பொய். நினைத்திருப்போம் என்றால் குறைவு. 'மனசுல பொத்தி வச்சிருப்போம்னு எழுதியிருக்கா ஆச்சி' என்றேன்.

ஆச்சி சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "நெனச்சுக்கிட்டு இருப்பாளா, வந்து பாப்பாளா? அதச் சொல்லு தம்பி."

அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பிளவை இதைவிடத் துல்லியமாக எந்த அகராதியும் காட்டியதில்லை. செரிஷின் பழைய பொருள் கூட இருந்து பராமரிப்பது. 1549-இல் வெளியான ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் திருமண உறுதிமொழி லவ் என்ற சொல்லோடு நிற்காமல், செரிஷையும் தனியே சேர்த்துக் கேட்கிறது. நேசிப்பது ஒன்று, நோயிலும் வறுமையிலும் கூடவே இருந்து பேணுவது வேறொன்று என்பதால்தான் இரண்டு சொற்கள். காலப்போக்கில் செரிஷ் நினைவுகளோடு அதிகம் ஒட்டிக்கொண்டது. இன்று வாழ்த்து அட்டைகளில் செரிஷ் செய்யப்படுபவை பெரும்பாலும் முடிந்துபோன பொழுதுகள். நம் 'பேணு' இன்னும் அந்தப் பக்கம் நகரவில்லை. நினைவைப் பேணுவதாகச் சொன்னால்கூட ஆண்டுதோறும் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டியிருக்கிறது.

பேத்தி பொய் எழுதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு கிணற்றைத் தூர்வார முடியாது. அவளால் முடிந்த அன்பு அந்தச் சொல்லில் முழுதாக இருந்தது. ஆச்சிக்கும் அது புரிந்திருந்தது. "அவ என்ன செய்வா, பாவம்" என்று சொல்லித் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மறு ஆண்டு வீடு இடிக்கப்பட்டது. ஆச்சி மகன் வீட்டுக்குப் போனார்.

சொல்லின் இந்த இரண்டு பொருளுக்கும் இடையில்தான் தாம்பரத்தைச் சுற்றிய ஊர்கள் எல்லாம் நிற்கின்றன என்று பின்னர் எனக்குத் தோன்றியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் இருந்த சதுப்பில் சிறுபகுதியே அது. அதன் வேல்யூ என்ன என்று கேட்டால் மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் அதன் ஆற்றலைச் சொல்பவரும் உண்டு, சதுர அடிக் கணக்கைச் சொல்பவரும் உண்டு. ஆங்கிலச் சொல் இருவருக்கும் இடம் கொடுக்கிறது.

மறுபக்கம், சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து 1937-இல் இங்கே இடம்பெயர்ந்தபோது அமைந்த வளாகம் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட முட்புதர்க்காடு. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்கள் நட்டு வளர்ப்பதில் ஈடுபட்டதை அக்கல்லூரிக்காரர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். அவர்கள் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. புறநகர் முழுவதும் கட்டடமாகிவிட்ட பின்னும் அந்த மரங்களின் நிழல் இருக்கிறதென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள யாரோ சிலர் இருந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பில் செரிஷ் வரும்போது பேனாவை வைத்துவிட்டு முதலில் ஆச்சியின் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். எழுதியவர் நினைத்துக்கொண்டிருக்கிறாரா, வந்து பார்க்கிறாரா? முதலாவதென்றால் 'நெஞ்சில் வைத்திருத்தல்' என்று போடுகிறேன். இரண்டாவதென்றால் 'பேணுதல்'. இரண்டாவதற்கான வாய்ப்பு அவ்வளவு அடிக்கடி வருவதில்லை.