கிணற்றடி ஆமைகள்

திருமயிலையில், கபாலீசுவரர் கோயிலின் வடக்கு மாட வீதிக்கு அண்மையில், பழைய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதன் கொல்லையில் ஒரு கிணறும், கிணற்றையடுத்து ஒரு சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. கிணற்றில் ஓர் ஆமை வாழ்ந்தது. தொட்டியில் மற்றோர் ஆமை வாழ்ந்தது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி. எனினும், கிணற்றில் ஆமை இருந்தால் புழு பூச்சிகளைத் தின்று நீரைத் தூய்மையாக வைக்கும் என்று கருதி, அதனை விட்டு வளர்த்த குடும்பங்களும் உண்டு. இக்குடும்பம் அவற்றுள் ஒன்று.

வீட்டை இடித்து அடுக்குமாடிக் கட்டடம் எழுப்புவதென முடிவாயிற்று. கிணற்றை மூடுவதற்கு நாளும் குறித்துவிட்டனர். குடும்பத்தார் தியாகராய நகரில் ஒரு வாடகை வீட்டிற்குக் குடிபெயர ஆயத்தமாயினர். பண்டங்கள் அனைத்தும் கட்டப்பட்டன. அப்பொழுதுதான், “ஆமைகளை என்ன செய்வது?” என்ற வினா எழுந்தது.

“இரண்டும் ஒரே கருநிறம், ஒரே சாதி. கபாலி கோயில் தெப்பக்குளத்தில் விட்டுவிட்டால் புண்ணியமாகப் போகும்” என்றார் பாட்டி. அவர் சொல்லை எவரும் மறுக்கவில்லை. ஆனால், எட்டாம் வகுப்பிற் பயிலும் பேத்தியின் உள்ளத்தில் ஓர் ஐயம் தோன்றியது. “பாட்டி, தொட்டி ஆமை முன்பு பச்சையாக இருந்தது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே! பச்சை ஆமை கருப்பு ஆமை ஆகுமா?” என்று அவள் வினவினாள்.

உண்மைதான். அச்சிறுமி கைக்குழந்தையாக இருந்த காலத்தில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அவளுடைய பெரியப்பா வண்ணமீன் விற்கும் கடையொன்றிலிருந்து அதனை வாங்கி வந்தார். அன்று அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாய், தளிர் போன்ற பச்சை நிறத்துடன் விளங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பசுமை மங்கியது. பின்னர் கருமை படர்ந்தது. நாள்தோறும் கண்ட கண்களுக்கு அம்மாற்றம் புலப்படவில்லை.

அடையாற்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் அக்குடும்பத்தின் நண்பர். சிறுமியின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் வந்தார். இரண்டு ஆமைகளையும் ஈரத்துணியின்மேல் அருகருகே வைக்கச் செய்தார். இரண்டும் தலையையும் கால்களையும் ஓட்டினுள் இழுத்துக்கொண்டன.

“ஐந்து உறுப்புகளையும் அடக்கும் இவ்வாமையைக் கண்டுதான் வள்ளுவர் புலனடக்கத்திற்கு உவமை கூறினார். அவர் இம்மயிலையில் பிறந்தவர் என்பது மரபு” என்று புன்னகையுடன் தொடங்கினார் ஆசிரியர். “குழந்தாய், ஆமையின் இனத்தை அறிய வேண்டுமானால் நிறத்தைக் கடைசியாகப் பார், வடிவத்தை முதலில் பார். கிணற்று ஆமையின் முதுகைத் தடவு. என்ன தெரிகிறது?”

“நீளவாக்கில் மூன்று மேடுகள் இருக்கின்றன, ஐயா.”

“அதுவே முதல் அடையாளம். இது நம் நாட்டுக் கருப்பு ஆமை. 1812-ஆம் ஆண்டில் சுவைகர் என்னும் செருமானிய அறிஞர் இதனை விவரித்தபோது, மூன்று முகடுகள் எனப் பொருள்படும் ‘ட்ரைஜூகா’ என்ற பெயரை இட்டார். இனி, தொட்டி ஆமையின் முதுகைத் தடவு.”

அது ஏறக்குறைய வழவழப்பாக இருந்தது. ஓட்டின் பின்விளிம்பு மட்டும் அரம்போல் சிறுசிறு பற்களாக வெட்டுண்டிருந்தது. ஆசிரியர் அதனைச் சற்றே திருப்பிக் காட்டினார். கிணற்று ஆமையின் அடியோடு கரும்பழுப்பு நிறமாக, ஓரத்தில் மட்டும் மஞ்சள் கீற்றுடன் இருந்தது. தொட்டி ஆமையின் அடியோட்டிலோ, கருமைக்கு இடையே மஞ்சள் நிறம் திட்டுத்திட்டாக எஞ்சியிருந்தது. அதன் முன்கால் நகங்கள் மிக நீண்டிருந்தன. இவ்வினத்தின் ஆணுக்கே அத்தகைய நகங்கள் உண்டு. கண்ணுக்குப் பின்னால் மங்கிய செந்நிறக் கோடு ஒன்றும் தென்பட்டது.

“இது செங்காது ஆமை. அமெரிக்க நாட்டு மிசிசிப்பி ஆற்றுப் பகுதியே இதன் தாயகம். குஞ்சுகள் அழகாக இருப்பதால் உலகெங்கும் விற்கப்படுகின்றன. நம் சென்னை விமான நிலையத்திலும், திருட்டுத்தனமாகக் கொண்டுவரப்பட்ட குஞ்சுகள் பலமுறை பிடிபட்டுள்ளன. சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி சிறு ஆமைகளின் வழியே குழந்தைகளுக்குப் பரவியமையால், நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்கு 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசே தடை விதித்தது. ஆமையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ மறவாதே” என்றார் அவர்.

“பச்சை ஏன் கருப்பாயிற்று, ஐயா?”

“நிறம் பல காரணங்களால் மாறும். இவ்வினத்தின் ஆண் முதுமையடையும்போது, மெலனின் என்னும் கரும்பொருள் ஓட்டிலும் தோலிலும் மிகுந்து, பழைய கோடுகளை மறைத்துவிடும். இது நோயன்று. இன்னும் சில ஆமைகளின் ஓட்டில் பாசி படிந்து பச்சையாகத் தோன்றும். சேறு படிந்து பழுப்பாகத் தோன்றும். வாழும் இடத்தாலும் வேறுபாடு உண்டு. நாட்டுக் கருப்பு ஆமையையே எடுத்துக்கொள். இலங்கையில் அதன் தலையில் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்படும். கேரளத்திலோ உச்சந்தலை கருத்து, பக்கங்கள் மஞ்சளாக இருக்கும். இனம் ஒன்றே, சாயல் வேறு.

“பிறவியிலேயே நிறப்பொருள் குன்றுவதும் உண்டு. நம் குளங்களில் பால் ஆமை என்பதொன்று வாழ்கிறது. அதன் முதுகைத் தகடுகள் மூடுவதில்லை. வழவழப்பான தோலே மூடியிருக்கும். பின்கால்களை உள்ளிழுத்ததும், அடியோட்டிலுள்ள மடல்கள் கதவுபோல் அவற்றை மூடிக்கொள்ளும். அதன் இயல்பான நிறம் பசுமை கலந்த பழுப்பு. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் ஒடிசா மாநிலத்துப் பாலேசுவரம் மாவட்டத்தில், உடல் முழுதும் மஞ்சளான பால் ஆமை ஒன்று கிடைத்தது. நிறத்தை மட்டும் கண்டவர்கள் அதனைப் புதிய இனமென்றே எண்ணியிருப்பார்கள்!”

சிறுமி சற்று நேரம் சிந்தித்தாள். “அப்படியானால் இரண்டையும் தெப்பக்குளத்தில் விடலாமா?” என்றாள்.

“கூடாது, அம்மா. செங்காது ஆமை எதையும் தின்னும். வெயில் காயும் இடத்தையும் இரையையும் நாட்டு ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும். தன் நோய்களையும் அவற்றிற்குப் பரப்பும். உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் நூறு அயலினங்களின் பட்டியலில் இதன் பெயரும் இடம்பெற்றுள்ளது. கிணற்று ஆமை நம் நாட்டினதே. எனினும் அதனையும் கண்ட குளத்தில் விடுவது முறையன்று. கிண்டியிலுள்ள வனத்துறையினரிடம் ஒப்படைத்தால், தக்க நீர்நிலையை ஆராய்ந்து அவர்கள் ஆவன செய்வார்கள். பால் ஆமை, நட்சத்திர ஆமை போன்றவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவிற்கொள்” என்றார் ஆசிரியர்.

பாட்டியின் முகம் வாடியது. “உயிரை விடுதலை செய்வது பாவமா?” என்று மெல்லக் கேட்டார்.

“பாவமன்று, அம்மா. ஆனால் ஓர் உயிருக்குத் தரும் விடுதலை, குளத்திலுள்ள மற்ற உயிர்களுக்குச் சிறையாகிவிடக் கூடாதே!” என்று அவர் பணிவுடன் விடையளித்தார்.

மறுநாள் வனத்துறை ஊழியர் வந்து, கிணற்று ஆமையை ஈரச் சாக்கு விரித்த கூடையில் எடுத்துச் சென்றனர். கூடை தெருமுனையைக் கடக்கும்வரை பாட்டி வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் மாமனார் காலத்திலிருந்து அவ்வீட்டில் இருந்த உயிர் அது.

செங்காது ஆமை குடும்பத்தாருடன் தியாகராய நகர் சென்றது. புதிய வீட்டில் கொல்லை இல்லை. மாடத்தில் ஒரு பெரிய தொட்டியும், வெயில் காய ஒரு கல்லும் அதற்கென அமைக்கப்பட்டன. இவ்வினம் முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது என்று ஆசிரியர் கூறியிருந்தார். ஒரு நாள் ஆசையால் வாங்கிய சிறு குஞ்சு, தன் மணப்பருவத்திற்குப் பின்னும் பேணப்பட வேண்டிய பொறுப்பாக வளர்ந்திருப்பதை அச்சிறுமி அப்பொழுதுதான் உணர்ந்தாள்.

காலைதோறும் அவள் தொட்டிநீரை மாற்றினாள். கீரையும் இரையும் இட்டாள். பின்னர் மறவாமல் கை கழுவினாள். தோழியர் வந்து, “இந்தக் கருப்பு ஆமை என்ன இனம்?” என்று கேட்பதுண்டு. அவள் உடனே விடை கூறுவதில்லை. “முதலில் அதன் முதுகைப் பாருங்கள்” என்பாள்.