செம்பட்டைத் தலை வாத்தியார்

வெனிஸ் நகரத்தில் 'பஸ் பிடிப்பது' என்றால் படகில் ஏறுவது என்று அர்த்தம். ரயில் நிலையத்தின் வாசற்படிகளை விட்டு இறங்கினால் எதிரே தண்ணீர்தான். நானும் பெட்டியும் பையுமாக முதல் நம்பர் படகில் ஏறி, பெரிய கால்வாயின் இரு பக்கத்து மாளிகைகளையும் பார்த்து வாய் பிளந்தபடியே ஸான் ஸக்காரியா படகுத் துறையில் வந்து இறங்கினேன். கரையோரமாக வலது கைப்பக்கம் நடந்து, ஒரு பாலம் ஏறி இறங்கினால், வெள்ளைத் தூண்கள் நிற்கும் ஒரு மாதா கோயில் தெரிகிறது. அதற்கு 'பியத்தா' என்று பெயர். இரக்கம், கருணை என்று பொருள்.

வாசலில் பட்டுச் சட்டையும் பொய் முடியுமாக, நாடகத்திலிருந்து நேரே எழுந்து வந்தவன் போல ஓர் இளைஞன் நின்றான். என் கையில் ஒரு நோட்டீசைத் திணித்தான்.

"இன்று இரவு கச்சேரி! விவால்டியின் சொந்தக் கோயிலில் விவால்டியின் சங்கீதம்! தவற விடாதீர்கள்!" என்றான்.

"விவால்டி இங்கேயா வாசித்தார்?" என்று கேட்டேன்.

"இதே இடத்தில்தான்!" என்றான் கூசாமல்.

பாவம், அவன் பிழைப்பை நான் ஏன் கெடுப்பது? விவால்டி வியன்னா நகரத்தில் காலமானது 1741-ஆம் ஆண்டு ஜூலை 28-ம் தேதி. இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1745-ல். அவர் இதன் ஒரு செங்கல்லைக்கூடக் கண்ணால் கண்டதில்லை! அவர் பாடம் சொல்லிக் கொடுத்த பழைய கட்டடம் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது அங்கே ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. அவருடைய மாணவிகள் பாடிய இடத்தில் வெளியூர்ப் பிரயாணிகள் காப்பி சாப்பிடுகிறார்கள்.

ஆனால் நான் பார்க்க வந்தது கோயிலை அல்ல. அதன் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு கல்வெட்டை.

* * *

அந்தச் சந்தில் இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்கத்தான் வேண்டும். அங்கே சுவரில் பதித்திருக்கிறது அந்தக் கல். 1548-ம் ஆண்டைச் சேர்ந்தது. என்ன எழுதியிருக்கிறது தெரியுமோ? வளர்க்கும் வசதி இருந்தும் எவர் தம் பிள்ளையை இந்த விடுதியில் கொண்டுவந்து விடுகிறார்களோ, அவர்கள்மீது ஆண்டவனின் சாபம் விழும். அவர்கள் சபையிலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்று!

ஆமாம், பியத்தா என்பது அநாதைக் குழந்தைகளின் விடுதி. 1346-ல் பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஒருவர் தொடங்கியது. விடுதிச் சுவரில் ஒரு சிறிய மாடம் இருந்தது. பச்சைக் குழந்தை ஒன்றை வைக்க மட்டும் இடம் போதும். அதற்கு மேல் இல்லை. இரவு நேரத்தில், யாரும் பார்க்காத வேளையில், குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போய்விடலாம். யார், எவர் என்று கேட்பார் கிடையாது. நம் ஊரில் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது அரசாங்கம் வைத்த தொட்டில்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றவளின் துயரத்துக்கு எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று உண்டா?

பல தாய்மார்கள் குழந்தையுடன் ஓர் அடையாளமும் வைத்தார்கள். ஒரு நாணயம் அல்லது பதக்கம்; பாதியாக வெட்டியது. மற்றப் பாதி தாயிடம் இருக்கும். என்றைக்காவது காலம் நல்லபடியாகத் திரும்பினால், இரண்டு பாதிகளையும் சேர்த்துக் காட்டி, 'இது என் குழந்தை' என்று கேட்டு வாங்கிப் போகலாம் அல்லவா? விடுதிக்காரர்கள் அந்தப் பாதிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். சேராமலே போன பாதிகள் இன்றும் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பையன்கள் வளர்ந்ததும் ஏதாவது தொழில் கற்று வெளியேறிவிடுவார்கள். பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். தையல், பின்னல், துணி துவைப்பது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என்று ஆளுக்கொரு வேலை. அவர்களில் நல்ல குரலும் விரலும் உள்ள சிலரை மட்டும் பொறுக்கி எடுத்துச் சங்கீதம் கற்பித்தார்கள். அவர்களுக்கு 'கோஷ்டிப் பெண்கள்' என்று தனி அந்தஸ்து.

இந்த ஏற்பாட்டிலே தர்மமும் இருந்தது; சாமர்த்தியமும் இருந்தது. இம்மாதிரி விடுதிகள் வெனிஸில் நான்கு. நான்கிலும் பெண்களின் கச்சேரியைக் கேட்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து பிரபுக்கள் வந்து குவிந்தார்கள். நன்கொடையும் குவிந்தது. அந்தக் காலத்தில் மற்ற மாதா கோயில்களில் பெரும்பாலும் பெண்கள் கோஷ்டியாகப் பாடவோ, வாத்தியம் வாசிக்கவோ இடம் கிடையாது. தாய் தகப்பன் யாரென்று தெரியாத இந்தப் பெண்களுக்குத்தான் அந்த பாக்கியம் கிடைத்தது!

* * *

இங்கேதான் 1703-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு புது வாத்தியார் வந்து சேர்ந்தார். வயது 25. குருப்பட்டம் பெற்று ஆறு மாதங்கூட ஆகவில்லை. தலைமயிர் செக்கச் செவேல் என்று செம்பட்டை. ஊரார் அவருக்கு 'சிவப்புச் சாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்தான் அந்தோனியோ விவால்டி.

பக்கத்துத் தெருவுப் பிள்ளை என்றே சொல்லலாம். ஐந்து நிமிஷம் நடந்தால் ப்ராகோரா கோயில் வருகிறது. அவருக்கு ஞானஸ்நானச் சடங்கு நடந்த இடம் அதுதான். தகப்பனார் முதலில் நாவிதர். பிறகு ஸான் மார்க்கோ பேராலயத்தில் பிடில் வித்வான். பிள்ளைக்குப் பிடில் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். பிள்ளைக்கோ பிறந்தது முதல் நெஞ்சிலே ஒரு சங்கடம், மூச்சு வாங்கும். அதனாலேயே சில வருஷங்களில் பூசை வைப்பதையும் விட்டுவிட்டார்.

சம்பளம் எவ்வளவு? வருஷத்துக்கு 60 டுகாட். மறு வருஷம், வயோலா வகை வாத்தியம் ஒன்றையும் சேர்த்துக் கற்பித்ததற்காக நூறாக உயர்த்தினார்கள்.

அந்த முதல் நாட்கள் எப்படி இருந்திருக்கும்? நாட்குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. நாமே ஊகித்துப் பார்க்க வேண்டியதுதான். பெண்கள் மட்டுமே இருக்கும் வீடு. வாலிப வாத்தியார் தலை நிமிர்ந்து யாரையும் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் சிறுமிகளும் அல்ல. சிலர் அவரைவிட மூத்தவர்கள். பல வருஷம் வாசித்துப் பழகி, சின்னவர்களுக்குத் தாங்களே பாடம் சொல்லும் ஆசிரியைகள். புதிதாக வந்த மருமகளை மாமியாரும் நாத்தனாரும் பார்ப்பதுபோல, 'இந்தச் செம்பட்டைத் தலைக்கு என்ன தெரியும், பார்ப்போமே!' என்று அவர்கள் வில்லைக் கையில் எடுத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

அவர் செய்தது என்ன என்பது மட்டும் ஊகம் அல்ல. எழுதி வைத்த ஸ்வரங்களே சாட்சி. எவளுக்கு எது கைவருமோ அதற்குத் தக்கபடி புதுசு புதுசாக எழுதினார். பிடில், செலோ, ஓபோ என்று மட்டும் இல்லை. ஆண்களே மூச்சுத் திணறும் பசூன் குழலுக்குக்கூட முப்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள்! மாணவிகளின் திறமை உயர உயர, வாத்தியாரின் சங்கீதமும் உயர்ந்தது. யார் யாருக்கு ஆசிரியர் என்று சொல்வதே கடினம்.

ஆனால் உத்தியோகம் என்னவோ நிரந்தரம் இல்லை. விடுதியின் நிர்வாகிகள் வருஷா வருஷம் கூடி, வாத்தியார் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போடுவார்கள். 1709-ல் ஒரே ஓர் ஓட்டில் விவால்டி தோற்றார்! வேண்டாம் என்றவர்கள் ஏழு பேர். வேண்டும் என்றவர்கள் ஆறு பேர். இரண்டு வருஷம் கழித்து, 1711-ல், அவர் இல்லாமல் முடியாது என்று தெரிந்துகொண்டு அவர்களே திரும்ப அழைத்தார்கள். 1723-ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, மாதம் இரண்டு புதிய உருப்படிகள் எழுதித் தரவேண்டும். ஊரில் இருக்கும்போது மூன்று நான்கு தடவை ஒத்திகையும் நடத்த வேண்டும். பத்து வருஷத்தில் 140 உருப்படிகளுக்கு அவருக்குப் பணம் கொடுத்த கணக்கு இருக்கிறது.

* * *

அவர் வந்தபோது விடுதியில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். மாடத்தில் வந்து சேர்ந்த குழந்தை. பெயர் அன்னா மரியா. குலப் பெயர் கிடையாது. இந்தப் பெண்களுக்கு வாத்தியமே குலப் பெயர். ஆகையால் அவள் 'பிடில் அன்னா மரியா' ஆனாள்.

எப்பேர்ப்பட்ட பிடில்! அவளுடைய பெயரைப் போட்டே விவால்டி பல உருப்படிகளை எழுதி வைத்தார். ஒரு சமயம் அவளுக்காக 20 டுகாட் விலையில் ஒரு பிடில் வாங்கினார்கள். வாத்தியாரின் முதல் வருஷச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! பின்னாளில் அவளே அங்கே தலைமை ஆசிரியை ஆனாள். பிடில் மட்டும் அல்ல, வேறு பல வாத்தியங்களிலும் கைதேர்ந்தவள் என்று பெயர் வாங்கினாள்.

இத்தனை புகழும் ஒரு கம்பித் தடுப்புக்குப் பின்னால்! கோஷ்டிப் பெண்கள் மேலே மாடியில், இரும்புப் பின்னலுக்கு அப்பால் இருந்துதான் வாசிப்பார்கள். கீழே இருப்பவர்கள் காதால் கேட்கலாம். முகத்தைப் பார்க்க முடியாது. கல்யாணம் செய்துகொள்ளலாம்; ஆனால் இனிமேல் வெளியே கச்சேரி செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வீடு வேண்டுமா, வாத்தியம் வேண்டுமா? இரண்டில் ஒன்றுதான். பலர் வாத்தியத்தோடேயே வாழ்ந்துவிட்டார்கள்.

அறிஞர் ரூஸோ 1740-களில் வெனிஸில் இருந்தபோது, இம்மாதிரியே இன்னொரு விடுதியில் பாட்டைக் கேட்டு மயங்கி, பாடியவர்களை எப்படியாவது பார்க்க வேண்டும் என்று துடித்தார். கம்பிக்குப் பின்னால் தேவதைகளே இருப்பதாக அவருக்கு நினைப்பு. ஒருநாள் பார்க்கவும் வாய்த்தது. ஒருத்திக்கு ஒரு கண் இல்லை. ஒருத்திக்கு முகமெல்லாம் அம்மை வடு. மனிதர் இடிந்துபோனார். ஆனால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டுத் திரும்பும்போது, அவர்கள் எல்லோருமே அழகிகளாகத் தோன்றினார்கள் என்று தம் சுயசரிதத்தில் ஒப்புக்கொள்கிறார். நல்லவேளை, ஒப்புக்கொண்டாரே!

விவால்டியின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. வெளியூரில், வறுமையில் இறந்தார். அவருடைய சங்கீதத்தையும் உலகம் மறந்தது. 1926-ல் இத்தாலியில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்திலிருந்து அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக் கட்டாகக் கிடைத்த பிறகுதான் அவர் மறுபடி பிறந்தார். இப்போது அவர் பெயரைச் சொல்லி வெனிஸில் சாக்லேட்கூட விற்கிறார்கள்!

* * *

அன்று இரவு நோட்டீஸ்காரன் சொன்ன கச்சேரிக்குப் போனேன். கூரையில் தியெபோலோ தீட்டிய தேவதைகள் மேகத்தினிடையே வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சுவரின் மேல்பக்கத்தில் அந்த இரும்புப் பின்னல்கள் இப்போதும் இருக்கின்றன. இந்தப் புதுக் கோயிலிலும் விடுதிப் பெண்கள் அவற்றின் பின்னால் இருந்துதான் வாசித்தார்கள். கோயில் திறப்பு விழா 1760-ல். அன்னா மரியா காலமானது 1782-ல், எண்பது வயதுக்கு மேல். வாத்தியார் பார்க்காத இந்தக் கோயிலை, மாணவி இருபது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறாள்!

கீழே, தரையில், எல்லோரும் பார்க்கும்படி ஓர் இளம் பெண் பிடிலோடு வந்து நின்றாள். நம் வித்வான்களைப்போல உட்கார்ந்து அல்ல. நின்றுகொண்டு, தாடையில் அணைத்துக்கொண்டு வாசித்தாள். பிடில் நம் கர்நாடக சங்கீதத்தில் வந்து சேருவதற்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த ஊரில் ஓர் அநாதைச் சிறுமி அதில் கொடி கட்டிப் பறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உருப்படி முடிந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அந்தப் பெண் சிரித்த முகத்துடன் தலை வணங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஏனோ மேலே, இருண்டு கிடந்த அந்தக் கம்பிப் பின்னலைப் பார்த்தும் இரண்டு தட்டுத் தட்டினேன்.