அலையில் இருவர்

விளையாட்டுப் போட்டி என்றால் நாளும் நேரமும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். போர்ச்சுகல் நாட்டின் அட்லாண்டிக் கடற்கரையிலுள்ள நசாரே என்னும் ஊரில் நடைபெறும் பேரலைச் சறுக்குப் போட்டிக்கோ இடம் மட்டுமே முடிவானது. நாளைக் குறிப்பது கடல். குளிர்காலம் முழுவதும் அமைப்பாளர்கள் வானிலை வரைபடங்களைப் பார்த்தபடி காத்திருப்பர். வட அட்லாண்டிக்கில் பெரும்புயல் உருவாகி, அது எழுப்பிய அலைகள் கரைசேரும் நாள் தெளிவானதும், சில நாள்களுக்கு முன்பாகவே அறிவிப்பு வெளியாகும். அதன்பின் வீரர்கள் பல நாடுகளிலிருந்தும் விரைந்து வந்து சேர்வர்.

லிஸ்பன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நசாரே. அதன் கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மேற்கே ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் அப்பள்ளத்தாக்கின் தலைப்பகுதி, ஊரின் கரையை நெருங்கி வந்து முடிகிறது. ஆழமான நீரில் அலை விரைந்து செல்லும். ஆழம் குறையும்போது அதன் வேகமும் குறையும். ஆகவே அலையின் ஒரு பகுதி பள்ளத்தாக்கின் மீது வேகம் குன்றாமல் வருகிறது. மற்றொரு பகுதி மேடான கடலடியின் மீது தளர்ந்து வருகிறது. திசை மாறிய இவ்விரு பகுதிகளும் ஊரின் வடக்குக் கடற்கரைக்கு முன்னே சந்திக்கின்றன. இரண்டின் உயரமும் கூடிப் பேரலை எழுகிறது.

இந்த அலைகள் நசாரே மக்களுக்குப் புதியவை அல்ல. மீன்பிடித் தொழிலால் வாழ்ந்த ஊர் அது. 1980களில் துறைமுகம் அமையும்வரை படகுகள் மணற்கரையிலிருந்தே அலைகளைக் கடந்து சென்று திரும்பின. ஆடவர் கடலுக்குள் செல்ல, பெண்டிர் கரையில் காத்திருந்தனர். திரும்பாத படகுகளும் உண்டு. கணவரையும் மக்களையும் கடலுக்குக் கொடுத்தவர்கள், அதே அலையை ஒருவர் விரும்பித் தேடிச் செல்வதை எளிதில் ஏற்றிருக்க முடியாது.

ஆயினும் அப்படித் தேடி வந்தவர் உண்டு. ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த காரெட் மெக்நமாரா 2010ஆம் ஆண்டு நசாரேக்கு வந்தார். கடலடியின் அமைப்பையும் அலைகளின் போக்கையும் பொறுமையாகக் கற்றார். 2011 நவம்பரில் 78 அடி உயர அலையில் சறுக்கி உலகச் சாதனை படைத்தார். அதன்பின் நசாரேயின் பெயரை உலகம் அறிந்தது.

இத்தகைய அலைகளின் ஒளிப்படங்களில் மலைபோல் எழுந்த நீரும் அதன் சரிவில் எறும்பளவாய் ஒரு மனிதரும் தெரிவர். அவர் தனியாகவே கடலை வென்றார் என்று பார்ப்பவர் கருதுவது இயல்பு. உண்மை அதுவன்று. பேரலை மிகுந்த வேகத்தில் நகர்வதால், பலகையில் படுத்துக் கைகளால் நீரைத் துழாவி அதனை எட்டுவது மிக அரிது. ஆகவே ஜெட் ஸ்கி என்னும் நீரூர்தி, வீரரைக் கயிற்றால் இழுத்துச் சென்று அலையில் சேர்க்கிறது. அந்த ஊர்தியை ஓட்டுபவரும் தேர்ந்த வீரரே.

கயிற்றை விட்டதும் அலையேறியவரின் ஆட்டம் தொடங்குகிறது. ஓட்டுபவரின் பணியோ அப்போதும் முடிவதில்லை. அவர் அலையைத் தொடர்ந்து செல்ல வேண்டும். துணைவர் விழுந்தால், அடுத்த அலை வந்து மூடுவதற்குள் நுரை நடுவே அவர் தலை தெரியும் இடத்தைக் கண்டு, நெருங்கி, ஏற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்குக் கிடைப்பவை சில நொடிகளே. தாழ்வில் நிற்பவருக்கு அலையன்றி வேறெதுவும் தெரியாது. அதனால் பாறை முனையில் உள்ள புனித மிக்கேல் கோட்டையருகே நிற்கும் நோக்கர், வரும் அலைகளையும் விழுந்தவர் இருக்கும் இடத்தையும் வானொலிக் கருவிவழி அறிவிக்கிறார்.

பிரேசில் நாட்டு வீராங்கனை மாயா கபெய்ரா, 2013 அக்டோபரில் இங்கே விழுந்து நினைவிழந்தார். அவருடைய துணைவர் கார்லோஸ் பூர்லே அவரைக் கரைசேர்த்தார். கரையில் அளிக்கப்பட்ட முதலுதவியால் உயிர் மீண்டது. முதுகெலும்பு அறுவை மருத்துவங்களைக் கடந்து, கபெய்ரா மீண்டும் நசாரேக்கே வந்தார்.

2020 பிப்ரவரி 11 அன்று உலக அலைச்சறுக்கு லீக் என்னும் அமைப்பு, நீரூர்தியால் இழுத்துச் செல்லும் முறையிலான போட்டியை முதன்முறையாக நசாரேயில் நடத்தியது. அணிக்கு இருவர், ஒருவர் சறுக்கும்போது மற்றவர் ஓட்டுவார், பின்னர் இடம் மாறிக்கொள்வர். தனித்திறனுக்கும் பரிசு உண்டு. அணிக்கும் பரிசு உண்டு. அன்று கபெய்ரா 73.5 அடி உயர அலையில் சறுக்கிப் பெண்களுக்கான உலகச் சாதனை படைத்தார். அவருடைய அணித் துணைவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர். அவரே அவ்வாண்டு அக்டோபரில் 86 அடி உயர அலையில் சறுக்கி உலகச் சாதனை படைத்தார். சாதனைப் பட்டியல் அலையேறியவரின் பெயரையும் அலையின் உயரத்தையும் குறிக்கிறது. ஓட்டியவரின் பெயருக்கு அங்கே இடமில்லை.

அதே போட்டியில் போர்ச்சுகல் வீரர் அலெக்ஸ் போதெல்யோவைத் துணைவர் ஹியூகோ வாவ் நீரூர்தியில் ஏற்றிக்கொண்டு வெளியேற முயன்றார். இரு அலைகள் மோதி ஊர்தியையே தூக்கியெறிந்தன. இருவரும் வீசப்பட்டனர். நினைவிழந்து மிதந்த போதெல்யோவை மீட்புக் குழுவினர் போராடிக் கரைசேர்த்தனர். அவர் உயிர் பிழைத்தார். எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 2023 ஜனவரியில் இதே கடலில் பயிற்சியின்போது ஒரு வீரர் உயிரிழந்தார்.

தன் உயிரைப் பணயம் வைப்பது தன் உரிமை என்று ஒருவர் கூறலாம். ஆனால் நசாரேயில் ஒருவர் எடுக்கும் முடிவு அவரோடு முடிவதில்லை. அவர் விழுந்தால், அவரை மீட்க மற்றொருவர் அதே நீருக்குள் நுழைய வேண்டும். எந்த அலையை ஏற்பது, எதை விட்டுவிடுவது என்னும் முடிவு அதனால் இருவரின் பொறுப்பாகிறது. தன்னைத் தேடி வருபவரின் உயிரையும் எண்ணிப் பார்த்து ஓர் அலையை விட்டு விலகுபவரைக் கோழை என்று சொல்ல முடியாது. அவருடைய விலகலை எந்த ஒளிப்படமும் காட்டுவதில்லை. நடுவர்கள் அதற்கு மதிப்பெண் வழங்குவதுமில்லை. ஆயினும் மாலையில் இருவரும் கரைக்குத் திரும்புவது பல நாள்களில் அந்த விலகலால்தான்.